மடையை அடைத்துவிட்டுப் போன திருடன்

குமரன் போலீஸில் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்து எனக்கு முன்னால் தொப்பை போட்டவர். முழங்காலைக் காரணம் காட்டி நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்ட பிறகும், வில்லியனூர்ப் பக்கம் வந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். போன வாரம் வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து மேசைமேல் வைத்தார். கறுப்பும் வெள்ளையுமாகக் குட்டிக் குட்டிக் கட்டங்கள். கோலம் போடத் தெரியாத பத்துப் பேர் கூடிப் போட்ட கோலம் மாதிரி இருந்தது.

"இனிமே இதான் சார். கேடி வூட்டு சொவுத்துல ஒட்டிட்டு வந்துடணும். பீட்டு போறவன் செல்போன்ல இத ஒரு படம் புடிச்சா போதும். இன்னார் வூட்டுக்கு இன்னார் போனாருன்னு மேல தெரிஞ்சிடும்."

"ஆள் வூட்ல இருந்தானான்னு சொல்லுமா?"

"சொவுரு இருந்துச்சுன்னு சொல்லும்."

இருவரும் டீ குடித்தோம். குமரன் ஸ்டிக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, நெடுநாளாகக் கேட்க நினைத்ததுபோல, "ஒரு தபா கேடி ஆனவன் நெசமாவே மாறுவானா சார்? நீங்கதான் நெறையப் படிப்பீங்களே," என்றார்.

நிறையப் படித்தது உண்மை. ஸ்டேஷனில் பாராக் காவலுக்கு உட்கார்ந்து நூலகப் புத்தகம் படித்த ஒரே ஏட்டு நான்தான் என்பதால் பதவி உயர்வு என்னைக் கண்டுபிடிக்கவில்லை என்று என் மனைவி சொல்வாள். ஆனால் குமரனின் கேள்விக்குப் புத்தகத்தில் படித்த பதில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஒரு வயல்தான் வந்தது. அவர் போன பிறகும் அது போகவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினோம், நின்றோம், மறுபடி ஓடினோம். குற்றவாளி எப்படி உருவாகிறான் என்று ஒரு வகுப்பு இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை வைத்திருந்ததால், அவன் உருவாவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டோம். விழித்திருந்த நேரத்தில் நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: சின்ன வயதில் கெட்டவன் கடைசிவரை கெட்டவன், ஒழுங்கானவன் கடைசிவரை ஒழுங்கு. கேட்க வசதியாக இருந்தது. யார் யாரைக் கவனிக்க வேண்டும் என்று ஒரே தடவை முடிவு செய்துவிட்டால் பிறகு ஓய்வுபெறும்வரை யோசிக்க வேண்டியதில்லை.

அந்த வசதியைக் கெடுத்தவர் இன்ஸ்பெக்டர் சவரிநாதன். ஒல்லியான மனிதர். சத்தமே போட மாட்டார். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்து அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவராம். அந்த வீட்டுப் பழக்கத்தில், பிடித்துக்கொண்டு வரப்படும் எவரையும் "வாங்க முசியே, உக்காருங்க" என்பார். 'முசியே' என்றால் ஐயா என்று அவர்களுக்குத் தெரியாது. புதுவிதமான அடி ஏதோ வரப்போகிறது என்று நினைத்து, பாதிப் பேர் உட்காருவதற்கு முன்பே உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

பழைய குற்றவாளிகளின் வீட்டுக்கு வாரம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவது எங்கள் வேலை, அதுதான் பீட்டு. கேடி என்பதே ஏதோ இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து. ஊர் அதைத் தமிழாக்கி, பிள்ளைகளைக் கொஞ்சவும் வைத்துக்கொண்டது. அந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சவரிநாதன் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதம் இது.

வண்டியை அந்த வீட்டு வாசலில் நிறுத்தக்கூடாது. இரண்டு வீடு தள்ளி, முடிந்தால் ஒரு மளிகைக் கடை முன்னால் நிறுத்த வேண்டும். தொப்பி வண்டியிலேயே இருக்கட்டும். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். யார் கொண்டுவருகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். பெண்டாட்டி கொண்டுவந்தால் ஒன்று, அம்மா கொண்டுவந்தால் வேறொன்று, அவனே கொண்டுவந்தால் அது மூன்றாவது. வாசலில் எத்தனை ஜோடி செருப்பு, கொடியில் என்ன துணி, அடுப்பு எரிகிறதா. தண்ணீரை முழுவதும் குடிக்க வேண்டும். மழையைப் பற்றி ஏதாவது பேச வேண்டும். பிறகு வந்துவிட வேண்டும்.

முதல் முறை போய்விட்டு வந்து, "இருந்தான் சார்," என்றேன்.

"அது சரி ஏட்டு. அந்த ஆளுக்குச் சாயங்காலம் இருக்கா?"

எல்லாருக்கும்தானே சார் சாயங்காலம் வருகிறது என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளையாக நிறுத்திக்கொண்டேன். வேலை முடிந்ததும் ஒருவன் எங்கே போகிறான், அவன் வராவிட்டால் யார் வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பார்கள், அவன் செய்யாவிட்டால் எந்தக் காரியம் அப்படியே கிடக்கும். இதைத்தான் அவர் சாயங்காலம் என்றார். கெட்ட ரத்தம், கெட்ட சேர்க்கை என்று மற்ற அதிகாரிகள் பேசும்போது அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு இது ஒரு விளையாட்டாகப் பிடித்துப்போனது. பீட்டுக்குப் போகிற வீடுகளிலெல்லாம் சாயங்காலத்தைத் தேட ஆரம்பித்தேன். திருக்கனூர்ப் பேருந்து நிறுத்தத்தில் பிக்பாக்கெட் அடித்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு மாமனார் ஒரு கறவை மாட்டைக் கொடுத்தார். அந்த மாடு வேறு யார் மடியில் கை வைத்தாலும் உதைத்தது. இவன் விரல் மட்டும் அதற்குத் தெரியவே தெரியாதாம். விடியற்காலையும் மாலையும் வீட்டில் இருந்தாக வேண்டும் என்பதால் தொழிலுக்குப் போக முடியவில்லை. அதன் பிறகு அவன்மேல் வந்த ஒரே புகார், அடுத்தவர் வரப்பில் புல் அறுத்துவிட்டான் என்பது. "மாடு தூண்டினதா வெச்சுக்கலாம், விடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

எதிர்த் திசையிலும் ஆட்கள் போனார்கள். அதுதான் என்னை அதிகம் குடைந்தது. ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் கைசுத்தமாக இருந்து, ஊரே கும்பிட்ட எழுத்தர் ஒருவர், ஓய்வு பெற்ற சில மாதத்தில் கடை கடையாக ஷாம்பூ பாக்கெட் திருட ஆரம்பித்தார். அவர் தலையில் ஒரு முடி கிடையாது. ஏன் சார் என்று கேட்டால், "அதான் எனக்கும் புரியல தம்பி," என்று என்னைவிட ஆர்வமாகச் சொன்னார். பயிற்சி வகுப்பில் நான் தூங்கிப்போன பகுதியில் அவருக்கு விளக்கம் இருந்திருக்கலாம்.

இப்போது ஏழுமலை.

சுத்துக்கேணிக்கும் அப்பால் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்து நிலவமைப்பு தெரிந்தவர்களுக்கு அது புரியும்: ஒரு வயல் புதுச்சேரி, அதை அடுத்த கரும்புத் தோட்டம் தமிழ்நாடு, அதற்கு அடுத்த களத்துமேடு மறுபடி புதுச்சேரி. ஏழுமலை இந்த நிலப்படத்தை எங்களைவிட நன்றாகப் படித்திருந்தான். வயல்களில் போர்வெல் மோட்டாருக்குப் போகும் கேபிளை அறுப்பது அவன் தொழில். முதலில் மோட்டார் கொட்டகையில் நுழைந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி எறிவான், உயிர் முக்கியம். பிறகு கேபிளை இரண்டு முனையிலும் அறுத்துச் சுருட்டி எடுத்துப்போய், எல்லையைத் தாண்டிக் கரும்புத் தோட்டத்து ஓரத்தில் மேல்தோலை எரித்துச் செம்பை எடுப்பான். திருட்டு எங்கள் பக்கம், தீ அவர்கள் பக்கம், புகை காற்று அடிக்கிற பக்கம். எந்த ஸ்டேஷன் கேஸ் என்று பேசி முடிப்பதற்குள் செம்பு உருகி வேறு எதுவாகவோ ஆகியிருக்கும்.

இரண்டு முறை உள்ளே போய் வந்தான். பிறகு நின்றுவிட்டான். அஞ்சலாட்சி என்று பாகூர்ப் பக்கத்துப் பெண்ணைக் கட்டினான். நடவுக்குப் போகிறவள், வாய் பெரிது, கை அதைவிடப் பெரிது. கல்யாணம் ஆன சில மாதத்தில் ஊர் பஸ் நிறுத்தத்தில் சாயங்காலத் தோசைக் கடை ஒன்று போட்டாள். மாவு அரைப்பது ஏழுமலை. பகலில் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் மூட்டை ஏற்றினான். வந்ததும் குளித்துவிட்டு கிரைண்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. நான் தண்ணீர் கேட்டால் அஞ்சலாட்சி மோர் கொண்டுவருவாள்.

"இன்னா ஏட்டையா, எங்காளு இருக்காரான்னு பாக்க வந்தியா, இல்ல மோருக்கு வந்தியா?"

"ரெண்டுக்கும்."

"அப்ப மோருக்கு மட்டும் வா. அவரு எங்க பூடப் போறாரு, மாவு யாரு ஆட்டறது?"

இப்படியே வருடங்கள் போயின. இன்ஸ்பெக்டரிடம், கேடிப் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடலாமா சார் என்றுகூடக் கேட்டிருந்தேன். மேலே எழுதியிருக்கிறேன் என்றார். மேலே எழுதினால் கீழே வர நாளாகும்.

அதே ஊரில் கலியபெருமாள் என்று ஒரு விவசாயி. அறுபதைத் தாண்டியவர். நெல்லும் கரும்புமாக நல்ல நிலம். மூத்த மகன் பிரான்ஸில், இளையவன் பெங்களூரில். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை அவருடைய மோட்டார் கேபிள் காணாமல் போனது. நாங்கள் போனபோது பாதி ஊர் வரப்பில் நின்றது. யாரோ காபி கொண்டுவந்தார்கள், யாரோ அவரை உட்காரவைத்து விசிறினார்கள். பிரான்ஸ் மகன் போனில் முகம் காட்டி, "அப்பா, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க," என்று நெடுநேரம் பேசினான். அந்தத் திருட்டு உண்மையானது. வெளியூர்க் கும்பல் ஒன்று வேறு கேபிள்களோடு பிறகு மாட்டியது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனது. அதற்குப் பிறகு நடவு முடிந்த கையோடு மூன்றாவது முறை.

மூன்றாவது முறை வரப்பில் நின்றவர்கள் காபி கொண்டுவரவில்லை. யோசித்தார்கள். கும்பல்தான் உள்ளே இருக்கிறதே, அப்புறம் யார்? "கேபிள் வித்தை தெரிஞ்சவன் நம்மூர்ல யாருப்பா இருக்கான்?" என்று ஒருவர் காற்றைப் பார்த்துக் கேட்டார். எல்லாரும் பஸ் நிறுத்தத்துப் பக்கம் பார்த்தார்கள். கலியபெருமாள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் அந்த வாரம் வெளியூர்க் கோர்ட்டில் இருந்தார். புகார் வந்தால் பழைய ஆளை அழைத்து விசாரிப்பது முறை. ஜீப் போனது. இரண்டு வீடு தள்ளியெல்லாம் ஜீப்பை நிறுத்த மாட்டார்கள். ஏழுமலை இடுப்பில் துண்டோடு வந்து ஏறினான். சாயங்காலம் அவனை அனுப்பிவிட்டோம். அவனிடம் எதுவும் இல்லை. ஆனால் அதற்குள் இரண்டு காரியங்கள் நடந்துவிட்டன. காண்ட்ராக்டர் அவன் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார். அவன் வீட்டுக்குப் போன கொஞ்ச நேரத்தில், அஞ்சலாட்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்த சவரிநாதனிடம் இதைச் சொன்னபோது, கழற்றிய தொப்பியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வேலையும் போச்சு, வூட்ல ஆளும் இல்ல. அவன் எடுக்கலேன்னா, இனிமே எடுக்கறதுக்கு எல்லா வசதியும் பண்ணிக் குடுத்துட்டோம். வாங்க, வயலைப் பாக்கலாம்."

வயலில் கலியபெருமாள் எங்களோடு வந்தார். இன்ஸ்பெக்டர் கொட்டகைக்குள் போனார். ஃபியூஸ் கட்டை பிடுங்கி எறியப்பட்டிருக்கவில்லை. ஒரு பாலித்தீன் பையில் சுற்றி, நனையாத இடமாகப் பார்த்து, மாடத்தில் வைக்கப்பட்டிருந்தது. வெளியே வந்து வரப்பில் நடந்தார். நடவு முடிந்து சில நாளே ஆன பயிர். ஒவ்வொரு பாத்தியிலும் தண்ணீர் ஒரே அளவில், கண்ணாடி போட்டதுபோல நின்றது. பாத்திக்குப் பாத்தி தண்ணீர் விடும் மடைகள் எல்லாம் மண் வைத்து அடைத்து, காலால் மிதித்து இறுக்கப்பட்டிருந்தன. பக்கத்து வயலில் இதைவிடத் தடித்த கேபிள் வெயிலில் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை.

"தண்ணி எப்ப பாஞ்சுது முசியே?"

"திருட்டுப் போன அன்னிக்குத்தான் சார். அதுக்கு முன்ன."

"போன தடவை?"

"அப்பவும்... பாஞ்சிருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் குனிந்து ஒரு மடையின் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். அவர் பட்டணத்துக்காரர். மடை என்றால் இன்னதென்று நான்தான் ஒரு காலத்தில் அவருக்குக் காட்டினேன். எழுந்து, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"திருடன் நல்ல விவசாயியா இருக்கான்."

கலியபெருமாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கொக்கு வந்து உட்கார்ந்து, எங்களைப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. நான் இன்னும் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன். திருடன் எதற்குப் பயிர் நனைகிறவரை காத்திருக்கிறான், எதற்கு மடையை அடைக்கிறான் என்று. என் கணக்கு முடிவதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"பயிரு இன்னா சார் பாவம் பண்ணுச்சு."

அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு கேபிளும் அவருடைய வைக்கோல் போருக்குள் இருந்தன. சீராகச் சுருட்டி, வாழைநாரால் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார். எரிக்கவில்லை, விற்கவில்லை. ஏழுமலை அதைப் பார்த்திருந்தால் தொழில்முறையில் வருத்தப்பட்டிருப்பான்.

அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். நாற்காலிகள்மேல் தூசு இருந்தது. மேல்துண்டால் துடைத்துப் போட்டார். காபி போடட்டுமா என்று எழுந்து, பால் இல்லை என்று உட்கார்ந்தார்.

"மொத தபா காணாம போச்சு பாருங்க சார், அன்னிக்கு இந்த வூட்ல இருவது பேரு இருந்தாங்க. அடுப்பு எரிஞ்சுது. எதுத்த வூட்டுப் பொண்ணு வந்து சோறாக்கி வெச்சுட்டுப் போச்சு. பெரியவன் அவ்ளோ நேரம் பேசுனான். அவங்கம்மா செத்தப்பக்கூட அவ்ளோ பேசல. அப்பறம் ஒரு வாரம் கழிச்சு ஒருத்தரும் வரல. கேபிள் இருக்கற வூட்டுக்கு எவன் வரான்?"

"ரெண்டாவது தடவை நீங்களா?" என்றேன்.

"கத்திய எடுத்துக்கினு போயி ரொம்ப நேரம் நின்னேன் ஏட்டையா. என் கையா இதுன்னு பாத்துக்கினே அறுத்தேன். சின்னப் பையனாட்டம் நெஞ்சு அடிச்சுக்கிச்சு." சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கத்தோடு ஒரு வியப்பும் இருந்தது. ஷாம்பூ எழுத்தரின் முகத்தில் பார்த்த அதே வியப்பு. "இத்தினி வருசம் ஒரு பொய் சொன்னதில்ல சார் நான். எங்கேர்ந்து வந்துதுன்னே தெரியல."

எனக்கும் தெரியவில்லை. இன்றுவரை அதைத்தான் யோசிக்கிறேன். ஏழுமலையிடமிருந்து களவு எங்கே போனதோ, அதே பக்கத்திலிருந்துதான் இவரிடம் வந்திருக்க வேண்டும். ஒரு பெண் வீட்டுக்குள் வந்ததும் ஒருவனிடமிருந்து போனது. ஒரு பெண் வீட்டைவிட்டுப் போனதும் இன்னொருவரிடம் வந்தது. ஆளை வைத்து நாங்கள் கேடி என்கிறோம். அது ஆளிடம் நிரந்தரமாகக் குடியிருப்பதாகத் தெரியவில்லை.

சவரிநாதன் இதையெல்லாம் யோசிக்க நேரம் கொடுக்கவில்லை.

"பொய்ப் புகார் குத்தம், முசியே. கேஸ் போடணும். இல்லேன்னா நீங்களே போய் ஏழுமலைகிட்டயும் அவர் வூட்டம்மாகிட்டயும் உங்க வாயால சொல்லணும்."

கலியபெருமாள் கொஞ்சமும் தயங்கவில்லை. "கேஸே போட்டுடுங்க சார்."

"வாய்தாவுக்கு வாய்தா பேச ஆள் கெடைக்கும்னு பாக்கறீங்களா?"

அவர் சட்டையை எடுக்க உள்ளே போனார்.

காண்ட்ராக்டரிடம் இன்ஸ்பெக்டரே போனில் பேசினார். பார்க்கலாம் சார் என்றாராம் அவர். பார்க்கவில்லை, அந்த வேலை ஏழுமலைக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. மிச்சமிருந்தது அஞ்சலாட்சிதான். ஜீப் வேண்டாம், சீருடை வேண்டாம் என்று என்னை அனுப்பினார். ஏழுமலை அவனுடைய பழைய வண்டியில். கலியபெருமாள் என் பின்னால்.

புறப்படும் முன் ஏழுமலையின் வீட்டு வாசலிலேயே கலியபெருமாள் அவனிடம் சொல்லிவிட்டார். ஏழுமலை அடிப்பான் என்று எனக்கு ஒரு எண்ணம். நடுவில் நிற்கத் தயாராக இருந்தேன், கொஞ்சம் பின்னால். அவன் அடிக்கவில்லை. வண்டிச் சாவியைக் கையில் திருகிக்கொண்டே நின்றான்.

"ஃபியூஸ புடுங்கிட்டுத்தான் அறுத்தியா?"

"புடுங்கிட்டுத்தான்."

"ரெண்டு தபாவும்?"

"ஆமாம்பா."

"அதான் பொழச்ச," என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தான். வழியெல்லாம் அவன் முன்னாலேயே போனான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் கலியபெருமாள், அந்த ஊர்ப் பயிர், இந்த ஊர்ப் பயிர், யார் வயலில் பூச்சி விழுந்திருக்கிறது என்று விடாமல் பேசிக்கொண்டு வந்தார். மனைவி இறந்த பிறகு அவ்வளவு தூரம் அவர் யாரோடும் போகவில்லையாம்.

பாகூர் தாண்டி அஞ்சலாட்சியின் தாய் வீடு. பிற்பகல். அவள் வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பின்னலை விடவில்லை. கொஞ்சம் இறுக்கினாள், குழந்தை கத்தியது. கலியபெருமாள் செருப்பைக் கழற்றிவிட்டு, வெயிலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கேபிள், வைக்கோல் போர், மடை, பயிர். நான் சாட்சிக்குத் தலையை ஆட்டினேன்.

அவள் முழுவதும் கேட்டாள்.

"ஒண்டியா இருக்கேன், பேச ஆள் இல்லேன்னா கடைக்கு வந்து ரெண்டு தோச துன்னுட்டு ஒக்காந்து பேசிட்டுப் போறது. ஒன்ன யாரு வேணாம்னா? கேபிள ஏன்யா அறுக்கற? எங்கூட்டு வாசல்ல ஜீப்பு வந்து நின்னுச்சே, அத ஒன் பெரிய புள்ள போன்ல பாத்தானா?"

கலியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, இப்பதான் தெரிஞ்சிடுச்சேம்மா. இவர் எடுக்கலைன்னு," என்றேன் நான், சமாதானத் தூதுவர் குரலில்.

"இவுரு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா ஏட்டையா? அவரு எடுக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். படுத்தா கட்டையாட்டம் தூங்கற ஆளு."

"அப்பறம் ஏம்மா வந்த?"

அவள் முதல் முறையாக ஏழுமலையைப் பார்த்தாள். அவன் வண்டியைவிட்டு இறங்காமலே, ஒரு காலை ஊன்றி உட்கார்ந்திருந்தான்.

"ஸ்டேசன்லேர்ந்து வந்து வாசப்படில நின்னுக்கினு ஒரு வார்த்த சொன்னாரு. எடுக்காமயே திருடன்தான்னா எடுத்துட்டே இருந்திருக்கலாமேன்னு. அந்த வார்த்தைக்குத்தான் வந்தேன். ஜீப்புக்கு இல்ல. கோவத்துல சொன்னாரா, நெசமா சொன்னாரான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் இல்லாத வூட்ல இன்னா பண்றாருன்னு பாக்கலாம்னுதான் வந்தேன்."

நான் அத்தனை வருடம் தண்ணீர் கேட்டு, செருப்பு எண்ணி, கொடியைப் பார்த்துச் செய்த வேலையை இவள் பஸ் ஏறிப்போய்ச் செய்திருக்கிறாள் என்று தோன்றியது. வேலை இல்லை, பெண்டாட்டி இல்லை, பழைய கெட்ட பெயரும் திரும்ப வந்துவிட்டது. இன்ஸ்பெக்டரின் கணக்குப்படி ஏழுமலைக்குச் சாயங்காலமே மிச்சமில்லை. இத்தனை நாள் இவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

"அப்ப சொல்லுப்பா. இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்றார் கலியபெருமாள். கேட்க அவருக்கு உரிமையே கிடையாது. ஆனாலும் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

ஏழுமலை அவரைப் பார்க்கவில்லை. மகளின் பின்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அரிசி ஊற வெக்கறேன். ஆறு மணிக்கு ஆட்டறேன். ஊத்த ஆள் இல்ல. அப்பிடியே மூடி வெக்கறேன்."

"தெனமுமா?" என்றாள் அஞ்சலாட்சி.

"தெனமும்தான்."

"அத்தினி மாவையும் இன்னா பண்ண?"

"கீழ கொட்ட மனசு வரல. இருக்கற பாத்திரத்துல எல்லாம் இருக்கு. வூடே புளிச்ச வாடை."

அவள் பின்னலை முடித்து ரிப்பனைக் கட்டினாள். முடிச்சு ஒரு தடவையில் சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள். பிறகு குழந்தையின் முதுகில் தட்டி எழுப்பிவிட்டு, பையை எடுக்க உள்ளே போனபடியே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"அந்த மாவுல தோச வராது. இன்னிக்கு எல்லாருக்கும் ஊத்தப்பந்தான்."

வெயிலில் நின்றிருந்த கலியபெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கு வெங்காயம் போடாம," என்றார்.